எண்ணாமல் போட்ட வட்டம்

ஒரு நாவலில் நான் செத்துப்போகிறேன். மாங்காய் கழுவுகிற தொட்டியில் கால் வழுக்கி விழுந்து, மூச்சு முட்டிச் சாகிறேன். சாகும்போது கதாநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பு வேறு கேட்கிறேன். அந்தத் தொட்டியில் தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான். அதில் விழுந்து யாரும் செத்ததில்லை. விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்து, புடவையைப் பிழிந்துகொண்டு, தள்ளிவிட்டவளைத் திட்டியிருக்கிறார்கள்.

நாவல் புத்தகமாக வரவில்லை. செல்போனில் அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நான் ரிட்டயர் ஆன பிறகு ஃபேக்டரி கேட்டில் என் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற பத்மாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினாள்.

"மேஸ்திரம்மா, இது நீங்கதானே? கன்னத்துல மச்சம், வாயில வெத்தலை, கையில சீட்டு அட்டை. எல்லாம் கரெக்டா கீது."

"ஃபேக்டரிக்குள்ள நான் என்னிக்குடி வெத்தலை போட்டேன்?"

"அத்த விடுங்க. அந்த மோதிரத்த நீங்கதான் திருடி ஒளிச்சி வெச்சீங்களாமே. நெசமா?"

கதை இதுதான். சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி. முதலாளியின் ஒரே மகன் தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு கூலி ஆளாக அங்கே சேர்கிறான். கூட வேலை செய்கிற ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். கேட்டில் நிற்கிற மேஸ்திரம்மாவுக்குப் பொறாமை. பெண்ணின் வெள்ளி மோதிரத்தைத் திருடி ஒளித்துவிட்டு, அது கூழில் விழுந்துவிட்டது என்று பழி போடுகிறாள். எல்லோரும் அந்தப் பெண்ணை விரட்டப் போகிற நேரத்தில் அவன் தலைத்தொப்பியையும் மாஸ்கையும் கழற்றி எறிந்து, "நான்தான் இந்த ஃபேக்டரியின் வாரிசு" என்கிறான்.

எங்கள் முதலாளிக்கு மூன்றும் பெண்கள். வாரிசு எங்கிருந்து வருவான்? அது மோதிரமும் இல்லை, மெட்டி. உண்மையை மறைத்தது ஆணும் இல்லை. தொப்பியை யாராவது உள்ளே கழற்றி எறிந்திருந்தால் நானே அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

இப்போது கேட்டில் இருக்கிற பெண்கள் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். ஒருத்தி நேராகவே, "அம்மா, அன்னிக்கு இன்னாதான் நடந்திச்சி?" என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி, அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைத் திருத்தணி, வேலூர் பஸ்களின் போர்டு பார்த்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டேன். இதை எழுதி முடிக்க ஒரு மாங்காய் சீசன் ஆகிவிட்டது. எழுத்தில் தப்பிருந்தால் பத்மா திருத்தட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில் எங்கள் ஃபேக்டரி. இருபத்தாறு சீசன் அங்கே வேலை செய்தேன். முதல் எட்டு சீசன் கத்தி மேஜை. கிளிமூக்கு மாம்பழத்தில் காம்பையும் அழுகலையும் சீவித் தள்ள வேண்டும். மாம்பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். அப்புறம் பொறுக்குகிற பெல்ட். அப்புறம் கேட். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். பழம், ஈ, வேர்வை.

கேட் வேலை என்றால் வாட்ச்மேன் வேலை என்று நினைக்கிறார்கள். இல்லை. கூழ் வெளிநாட்டுக்குப் போகிறது. அதில் ஒரு துரும்பு இருக்கக்கூடாது. உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணும் வளையல், மெட்டி, மூக்குத்தி, ஸ்டிக்கர் பொட்டு, பூ, ஊக்கு எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொருத்திக்கும் டோக்கன் நம்பர் போட்ட ஒரு துணிப்பை. அவள் கொடுப்பதை முதலில் எவர்சில்வர் தட்டில் கொட்டுவேன். எண்ணுவேன். சீட்டில் அவள் நம்பருக்கு நேரே எழுதுவேன். பிறகு பையில் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். ஷிப்ட் முடிந்து வரும்போது மறுபடி தட்டில் கொட்டி, எண்ணி, சீட்டைப் பார்த்து, சரியாக இருந்தால் கொடுப்பேன். வேகமாக எழுத வராது என்பதால் படம் போடுவேன். கோடு என்றால் வளையல். வட்டம் என்றால் மெட்டி. புள்ளி என்றால் மூக்குத்தி. ஒருமுறை சோதனைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் என் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதை ஒரு வருஷத்துக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் சொல்கிறேன்.

கழற்றுவதில்தான் கஷ்டம். கல்யாணமான பெண் வெறும் கையோடு, வெறும் காலோடு நிற்பதாவது? புதிதாக வருகிறவர்கள் அழுவார்கள். மெட்டியைக் கழற்றி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் தட்டில் வைப்பார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகப் போகும். வரிசை நீளமாக நிற்கும், எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அந்த ஒரு நொடியை நான் யாரிடமும் பிடுங்கியதில்லை.

எங்கள் மேலே குவாலிட்டி ஆபீசர் மாதவராவ் சார். அவர் கத்த மாட்டார். ஒரு கேள்வியை மூன்று முறை, அதே குரலில், அதே வேகத்தில் கேட்பார். மூன்றாவது தடவைக்குள் எந்தப் பொய்யும் உடைந்துவிடும். எதற்கெடுத்தாலும், "ரெக்கார்டு ஏமி செப்துந்தி?" என்பார். ரெக்கார்டு என்ன சொல்கிறது என்று அர்த்தம். அவர் வீட்டில் சாப்பாடு போட்டார்களா என்று கேட்டால்கூட ரெக்கார்டைப் பார்த்துத்தான் சொல்வார் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

அவருக்கும் எனக்கும் தாலி விஷயத்தில் பத்து நாள் யுத்தம் நடந்தது. தாலியையும் கழற்ற வேண்டும் என்றார். முடியாது என்று பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய் ஒரு வழி சொன்னேன்.

"சார், பொன்னை வீட்ல வெச்சிட்டு மஞ்சக் கயிறுல மஞ்சத்துண்டு கட்டிக்கினு வரட்டும். எங்க ஊர்ல அதுவும் தாலிதான்."

"மஞ்சத்துண்டு கூழ்ல விழுந்தா?"

"விழாது சார்."

"பொன்னு விழுந்தா மெஷின் கண்டுபிடிக்கும் மேஸ்திரம்மா. மஞ்சளை எந்த மெஷின் கண்டுபிடிக்கும்? அதுவும் மஞ்சள், இதுவும் மஞ்சள்."

 அந்த ஆள் அப்படித்தான். கடைசியில் தாலி கழுத்திலேயே இருக்கட்டும், அதன்மேல் நீல பிளாஸ்திரி ஒட்டி, ஏப்ரன் பட்டனைக் கழுத்துவரை போட வேண்டும் என்று முடிவானது. ஒட்டுகிற வேலையும் என்னிடமே வந்தது. அதனால்தான் எனக்கு எல்லோருடைய கழுத்தும் தெரியும்.

புவனா வந்தது என் கடைசி சீசனுக்கு மூன்று சீசன் முன்னால். நகரிப் பக்கத்துப் பெண். வீட்டில் அம்மா; அண்ணனும் அண்ணியும் பவர்லூம் ஓட்டுகிறார்கள். தமிழில் பத்தாவது படித்தவள், ஒல்லியாக இருப்பாள், எப்போதும் போனில் எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். ஃபாரத்தில் கணவன் பெயர் குமார், குவைத்தில் டிரைவர், கல்யாணமாகி இரண்டு வருஷம் என்று இருந்தது.

முதல் நாள் அவள் மெட்டியைக் கழற்றி, பஸ் டிக்கெட் கொடுப்பதுபோல் தட்டில் போட்டாள். கண்ணில் ஒற்றவில்லை. சரி, படித்த பெண் என்று விட்டேன். மெட்டியில் நூல் சுற்றியிருந்தது, விரலுக்குப் பெரிதாம். நூல் உள்ளே போகக்கூடாது என்று பிரித்தேன். விரலைப் பார்த்தேன். இரண்டு வருஷம் மெட்டி போட்ட விரலில் ஒரு வெள்ளைத் தடம் இருக்கும். இவள் விரலில் ஒன்றும் இல்லை. பிளாஸ்திரி ஒட்டக் கழுத்தைத் திறந்தேன். புது மஞ்சள் கயிறு, ஒரு மஞ்சள் துண்டு, பின்னால் முடிச்சு ஒன்றே ஒன்று.

கயிற்றை விடாமல் கேட்டேன். "யாருடி உனக்குத் தாலி கட்டினது? அவனுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணத் தெரியாதா?"

அவள் முகம் செத்துப்போனது. "அத்தே... சத்தமாப் பேசாதீங்க."

"அப்ப நீயே கட்டிக்கினியா?"

"கல்யாணமாகாத பொண்ணுன்னா சித்தூர்ல ரூம் தர மாட்டேன்றாங்க அத்தே. பஸ்ல வர்றவன் போறவன்லாம் தொந்தரவு. அம்மாவோட பழைய மெட்டிய எடுத்துக்கினு வந்துட்டேன்."

"கட்டினதுதான் கட்டின, மூணு முடிச்சு போட்டுத் தொலையறது."

"மூணு போட பயமா இருந்திச்சி அத்தே. அப்புறம் அது நெசமாயிடும்ல?"

 ஃபாரத்தில் பொய் எழுதினால் வேலை போய்விடும். ரூமும் போய்விடும். தெரிந்தும் மறைத்தால் எனக்கும் போகும். என் வேலை தட்டில் விழுவதை எண்ணுவது. கழுத்தில் எத்தனை முடிச்சு என்று சீட்டில் இடமில்லை. பிளாஸ்திரியை ஒட்டி உள்ளே அனுப்பினேன்.

அதோடு முடிந்திருந்தால் எனக்கு இந்த எழுத்து வேலை இல்லை. ஆனால் ஃபில்லிங் செக்‌ஷனில் பிரபாகர் என்று ஒருவன் இருந்தான். ஏர்ப்பேட்டுக்காரன், தெலுங்குக்காரன், பெரிய பைகளில் கூழ் நிரப்பி டிரம்மில் இறக்குகிற வேலை. நெற்றியில் விழுகிற முடியைப் பதினைந்து நிமிஷம் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டு நிற்பான். அவன்தான் நாவலில் வாரிசு. உள்ளே எல்லோரும் நீலத் தொப்பி, மாஸ்க், ஏப்ரன், பூட்ஸ். யார் யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அதில் புவனாவை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டதற்கு, எல்லோரும் பூட்ஸில் டொக் டொக்கென்று நடப்பார்கள், இவள் மட்டும் பூட்ஸ் கழன்றுவிடுமோ என்று பயந்து இழுத்து இழுத்து நடப்பாள் என்றான். அம்மாவின் மெட்டியும் பெரிது, ஃபேக்டரி பூட்ஸும் பெரிது.

இரண்டு பேரும் டீ டயத்தில் வேப்பமரத்தடியில் பேசுவார்கள். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, இவளுக்குத் தெலுங்கு படிக்க வராது. பேச்சு மட்டும் ஓயாது. பெண்கள் சும்மா இருப்பார்களா? "புருசன் குவைத்துல வெயில்ல காயறான், இவ இங்க நெழல்ல நிக்கிறா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொருத்தி, "எங்க வூட்டுக்காரரும் குவைத்துதான், உங்கவரு எந்த ஏரியா?" என்று கேட்க, இவள் "ஏர்போர்ட்டாண்ட" என்று சொல்லி வைத்தாள். அறிவு!

அவனிடம் உண்மையைச் சொல்லித் தொலை என்று எத்தனை தடவை சொன்னேன்! "பொய்க்காரின்னு நெனைச்சிக்குவாரு அத்தே. சீசன் முடியட்டும், சொல்றேன்" என்பாள். அதுவரை தாங்க அவன் மனசு என்ன மழைக்காலம் வரைக்கும் கெடாத பழமா? தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவளிடம் வந்து, இன்னொருத்தன் பெண்டாட்டியை நினைப்பது பாவம், திருப்பதி மலைக்கு நடந்து ஏறி முடி கொடுத்து, உன்னை மறக்க வைக்கச் சொல்லி சாமியிடம் கேட்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதாவது வாயைத் திறந்தாளா? திறக்கவில்லை. அழுதாளாம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்ட். புவனா கண் வீங்கி வந்து நின்றாள். மெட்டியைத் தட்டில் போட்டாள். அதே நேரம் ஆண்கள் கேட் பக்கம் ஒரு சத்தம், ஒரு சிரிப்பு. பிரபாகர் வருகிறான். மொட்டைத்தலை. சந்தனம் பூசி வெயிலில் பளபளவென்று. வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். புவனா திரும்பினாள். நானும் திரும்பினேன். திரும்பியபடியே அவள் நம்பருக்கு நேரே இரண்டு வட்டம் போட்டு, தட்டில் இருந்ததைப் பையில் கொட்டினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் பையைத் தட்டில் கவிழ்த்தேன். டிங் என்று ஒரே ஒரு சத்தம். ஒரு மெட்டி.

பையை உதறினேன். பெட்டியை உதறினேன். சீட்டைப் பார்த்தேன். இரண்டு வட்டம். உள்ளே வந்தது இரண்டு, வெளியே போவது ஒன்று. அப்படியானால் இன்னொன்று தட்டிலிருந்து தவறி, யார் ஏப்ரன் மடிப்பிலாவது விழுந்து உள்ளே போயிருக்கலாம். இதற்கு ஒரே ஒரு நடைமுறைதான். மணியை அடித்தேன். லைன் நின்றது.

காலையிலிருந்து நிரப்பின டிரம் எதுவும் நகரக்கூடாது என்று அத்தனைக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். இரண்டாவது ஷிப்ட் பெண்கள் வெயிலில் வெளியே. பழுத்த பழத்தோடு லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. ஒரு மணி நேரம் போனால் அடியில் இருக்கிற பழம் சாறாக ஓட ஆரம்பிக்கும். மாதவராவ் சார் வந்தார். மெட்டி எங்கே என்று புவனாவைக் கேட்டார். தெரியாது என்றாள். அதே குரலில் மறுபடி கேட்டார். தெரியாது. மூன்றாவது தடவை கேட்டார்.

"ரூம்ல இருக்கும் சார்" என்றாள். "ராத்திரி கழட்டி வெப்பேன். காலையில ஒண்ணு மட்டும் போட்டுக்கினு வந்துட்டேன்போல."

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். "ஒத்தை மெட்டி போட்டுக்கினு ஊரத் தாண்டி வந்தாளாம்! தெரியாதாம்! எந்தப் பொம்பளைக்காவது தெரியாம இருக்குமா சார்? பொய்யி."

எனக்கு அந்த நிமிஷமே தெரியும், அது பொய் இல்லை என்று. கல்யாணமான பெண்ணுக்கு ஒரு விரல் வெறுமையாக இருந்தால் பத்தடி நடப்பதற்குள் தெரிந்துவிடும். இவளுக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்று சொன்னால்தான் அவள் சொல்வதை நம்புவார்கள். சொன்னால் வேலையும் ரூமும் போகும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எனக்குக் கல்யாணம் ஆவல சார். குவைத்துல யாரும் இல்ல. மெட்டி போட்டுப் பழக்கமில்ல, அதான் தெரியல."

 அதைக் கேட்டு முதலில் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? மொட்டைத்தலை. சந்தோஷத்தில் குதித்திருப்பான் என்றுதானே நினைப்பீர்கள், நாவலில் அப்படித்தான் குதிக்கிறான். இவன் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"ஏமே! என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மொட்டை போட்டுக்கினு வந்திருப்பனா? மலையடி அலிபிரியிலருந்து நடந்து ஏறினேன், தெரியுமா? என் காலைப் பாரு! என் தலையப் பாரு!"

"நான் போடச் சொன்னனா?" என்றாள் இவள், அழுதுகொண்டே.

"வேணாம்னு சொன்னியா?"

மாதவராவ் சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கையுறை தரையில கெடக்குது, எடு" என்றார்.

என்னையும் புவனாவையும் ஜீப்பில் ரூமுக்கு அனுப்பினார். குழாயடியில், சோப்பு டப்பாவுக்குப் பின்னால், நனைந்துபோய்க் கிடந்தது இன்னொரு மெட்டி. அதே மாதிரி பிள்ளையார்சுழி போட்ட வேலைப்பாடு, அதே தேய்மானம். அப்பாடா என்று வந்து தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

சார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "ரெக்கார்டு ஏமி செப்துந்தி?"

"ரெண்டு சார். ரெண்டும் இதோ."

"இல்ல மேஸ்திரம்மா. ரெக்கார்டு சொல்லுது, காலையில ரெண்டு உள்ள வந்திச்சி. ஒண்ணு பையில இருந்திச்சி. இது ரூம்ல இருந்து வந்திருக்கு. அப்ப இது மூணாவது. உள்ள வந்த ரெண்டாவது எங்க?"

 அந்த ஆள் சொல்வது சரி. என் சீட்டு சரியென்றால் ஒரு மெட்டி இன்னும் கூழில் இருக்கிறது. மெஷின் பிடிக்கவில்லை என்றாலும் ரெக்கார்டுப்படி அத்தனை டிரம்மையும் கொட்ட வேண்டும், இந்தப் பெண்ணைப் போலீசில்கூடக் கொடுக்கலாம். சீட்டு தப்பென்றால், எழுதியவள் நான். வெளிநாட்டுக்காரர் போட்டோ எடுத்த சீட்டு. பத்து சீசனாக ஒரு கோடு, ஒரு புள்ளி தப்பாகப் போட்டதில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைத்தான் எழுத வந்தேன்; திறக்கவில்லை. சார் இரண்டாவது தடவை கேட்டார். அப்போதும் நான் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது புவனா சொன்னாள். "சார், நான் மூணு மெட்டி எடுத்துக்கினு வந்திருப்பேன். மேஸ்திரம்மா மேல தப்பு இருக்காது."

அவளுக்குத் தெரியும். காலையில் நானும் மொட்டையைத்தான் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லாமல், என்னைக் காப்பாற்ற மூன்று மெட்டி என்கிறாள். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஜென்மம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வாய மூடுடி! ரெண்டு காலுக்கு எவளாவது மூணு மெட்டி போடுவாளா? சார், நான் எண்ணல. இவன் மொட்டையப் பார்த்துக்கினு எண்ணாம வட்டம் போட்டேன். தட்டுல ஒண்ணுதான் விழுந்திருக்கும். ரெண்டு போடறது கைப்பழக்கம், போட்டுட்டேன்."

சார் மூன்றாவது தடவை கேட்கவில்லை. சீட்டை என் பக்கம் திருப்பினார். "ஒரு வட்டத்த ஒரே கோட்டுல அடிங்க. அழிக்கக்கூடாது, கீழ இருக்கிறது தெரியணும். பக்கத்துல நேரமும் கையெழுத்தும்."

அடித்தேன். என் பெயரை மூன்று எழுத்தில் எழுதினேன். கடைசி எழுத்து கோணிப்போனது. சிவப்புச் சீட்டுகளைக் கிழித்தார்கள். லைன் ஓடியது.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கல்யாணம் ஆகலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். முதல் நாளே தெரியும். ஒத்தை முடிச்சு."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "முடிச்சுக்கு ரெக்கார்டுல இடமில்ல" என்றார். அவ்வளவுதான். எண்ணாததற்கு மட்டும் தண்டனை: சீசன் முடியும்வரை கேட் கிடையாது, கொட்டை மேட்டில் மாங்கொட்டை அள்ள வேண்டும். புவனா ஃபாரத்தில் பொய் எழுதியதற்கு அன்றைக்கே வெளியே. ரூமையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா வந்து நகரிக்கு அழைத்துப்போனாள்.

பத்து நாள் கழித்து, மாங்கொட்டை மேட்டில் நான் ஈயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மொட்டைத்தலை வந்து நின்றது.

"மேஸ்திரம்மா, ஒரு சந்தேகம். அவளை மறக்கணும்னு சாமிகிட்ட முடி கொடுத்துட்டேன். இப்ப போயி அவளைக் கேட்டா சாமிகிட்ட பேச்சு மாறின மாதிரி ஆகும்ல? அதான் தூக்கம் வரல."

மண்வெட்டியாலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது.

"நீ சாமிகிட்ட இன்னான்னு கேட்ட?"

"அடுத்தவன் பொண்டாட்டிய மறக்க வைன்னு."

"அடுத்தவன் பொண்டாட்டி யாராவது இப்ப உன் மனசுல இருக்கிறாளா?"

யோசித்தான். அதற்கும் யோசித்தான்! "இல்ல."

"அப்ப சாமி கேட்டதைக் கொடுத்துட்டாரு. கணக்கு முடிஞ்சிபோச்சு. நகரிக்கு பஸ் ஏறு, போ."

முடி தேங்காய் நார் பிரஷ் அளவுக்கு வளர்ந்த பிறகு நாராயணவனத்தில் கல்யாணம். சாமியே கல்யாணம் செய்துகொண்ட கோவில் என்பார்கள். மாதவராவ் சாரும் வந்திருந்தார். மூன்று முடிச்சும் விழுகிறதா என்று நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்று பார்த்தேன்.

இப்போது அவர்கள் திருப்பதியில் இருக்கிறார்கள். பத்மா நாவலைப் படித்துக் காட்டிய அன்றே எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேப்பமரத்தடி வேறு யாருக்குத் தெரியும்? போன் போட்டேன்.

"ஏண்டி, அவன் மொட்டை எங்க போச்சி?"

"ஹீரோ மொட்டை அடிச்சிக்கினா யாரு அத்தே படிப்பாங்க?"

"அவன் எதுக்குடி முதலாளி மகன்? பொய் சொன்னவ நீதானே?"

"ஹீரோயின் பொய் சொன்னா படிக்கிறவங்க திட்டி எழுதுறாங்க அத்தே. ஹீரோ பேரை மறைச்சா லவ்வுன்றாங்க."

பின்னாலிருந்து பிரபாகரின் குரல், தன்னை வாரிசாக்கியது நன்றாகத்தான் இருக்கிறது என்று. படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான், கூறுகெட்டவன்.

"சரி, என்னை எதுக்குடி திருடியாக்கின? உனக்கு நான் இன்னா பண்ணேன்?"

 "நடந்தபடிதான் அத்தே முதல்ல எழுதினேன். நீங்க எண்ணாம விட்டுட்டீங்கன்னு எழுதும்போது கை வரல. அன்னிக்கு அந்தக் கையெழுத்து போடும்போது உங்க முகத்தப் பார்த்தேன்ல? திருடுனீங்கன்னு எழுதிட்டா, அது நீங்க இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். எண்ணலன்னு எழுதினா, அது நீங்கதான்னு தெரிஞ்சிடும்."

போனை வைத்துவிட்டேன். கோபம் இறங்கவில்லை. மூன்று மெட்டி என்று சொன்னவள்தானே, இன்னும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறாள். நான் திருடவில்லை. நான் எண்ணவில்லை. தெரிந்தால் தெரியட்டும், அதற்குத்தான் இத்தனையும் எழுதினேன்.

நாவலில் வராத இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த சீசன் என்னை மறுபடி கேட்டில் போட்டார்கள். முதல் நாள் வரிசையில் புவனா நின்றாள், புது ஃபாரம், கணவன் பெயர் பிரபாகர். அம்மாவின் அதே மெட்டிதான், விரலுக்கு அளவாகத் தட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றைக் கழற்றினாள். கண்ணில் ஒற்றினாள். தட்டில் வைத்தாள். நான் எண்ணி ஒரு வட்டம் போட்டேன். இன்னொன்றைக் கழற்றிக் கண்ணில் ஒற்றியவள், அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

"ஏய், லைன் நிக்குதுடி" என்றேன். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் வைக்கிறவரைக்கும் நானும் நின்றேன்.